மூன்றாவதாகச் சாகிறவள்

பிரேக்குக்குக் காற்று ஏறட்டும் என்று இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் ஓட்டுநர் அந்தப் போஸ்டரைப் பார்த்தார். காற்று நிறையும்வரை பேருந்தை நகர்த்த முடியாது. அந்த நேரத்தில் முன்கண்ணாடியை உள்பக்கமாகப் பழைய பனியன் துணியால் துடைப்பது அவர் வழக்கம். குளிர்காலத்திலும் மழைக்காலத்திலும் கண்ணாடி மூச்சாவி படிந்து மூடிக்கொண்டுவிடும். தன் மூச்சே தன் கண்ணை மறைக்கும் என்று அவர் சொல்வதுண்டு. அன்றும் துடைத்தார். துடைத்த இடம் தெளிந்ததும், டிப்போவுக்கு எதிர்ச் சுவரில் இரண்டு பேர் ஏணி போட்டு ஒரு முகத்தை ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. முதலில் நெற்றியும் கண்களும் இருந்த தாள். அதற்குக் கீழே மற்றொரு தாளை வைத்து, பசையில் தோய்த்த துடைப்பத்தால் ஒருவன் கன்னத்தில் அழுத்தித் தேய்த்தான்.

மழை வழியும் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண். கண்கள் திறந்திருந்தன, ஆனால் அவை எதையும் பார்க்கவில்லை. நீர்க்கோடுகள் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைத்து, பச்சையும் சாம்பலுமாக ஏதோ தண்ணீருக்கு அடியில் கிடக்கிற பொருள்போல ஆக்கியிருந்தன. மூக்குக்குக் கீழே சிவப்பு எழுத்தில் படத்தின் பெயர், ஒவ்வொரு எழுத்திலிருந்தும் ரத்தம் சொட்டியது. அவர் எழுத்தைப் படிக்கவில்லை. இடது புருவத்தைத்தான் பார்த்தார். அதில் முடி முளைக்காத சின்ன வெட்டு ஒன்று. சைக்கிளிலிருந்து விழுந்த அன்று தையல் போடும்போது அந்தத் தலையை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தவை அவர் கைகள்தான்.

பின்படியில் கண்டக்டர் ஏறினான். டிப்போவில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். முதல் டிரிப்பில் திறந்த வாய் கடைசி டிரிப்பில்தான் மூடும், நடுவில் விளம்பரம்கூட உண்டு என்பார்கள்.

"பாத்தீங்களாண்ணே, ஒட்டிட்டான். வெள்ளிக்கிழமை ரிலீஸ்."

"பேய்ப் படமா?" என்றார்.

"பேய் எல்லாம் இல்லண்ணே. முகமூடி போட்ட ஒருத்தன், ஆளுக்கு ஒரு விதமா போட்டுத் தள்ளுவான். எல்லாம் ஒரே கதைதான். ஆறு பேரு போவாங்க, ஒருத்தி திரும்பி வருவா. இந்தப் பொண்ணு திரும்பி வரமாட்டா. செத்த மொகத்தப் போஸ்டர்லயே போட்டுட்டானே." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "மன்னிச்சுக்குங்கண்ணே. என் வாய் இருக்கே."

அவன் மன்னிப்புக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. இந்த வண்டிக்கு மாற்றலாகி வந்த முதல் நாள், கடைசி நிறுத்தத்தில் டீ குடித்தபடி, எல்லோரும் எல்லோரையும் கேட்கிற கேள்வியை அவன் கேட்டான். "பசங்க எத்தனைண்ணே?" மகள் வீட்டை விட்டுப் போய் அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஓட்டுநர் டீயை ஊதிக்கொண்டே, "ஒரு பொண்ணு இருந்தா" என்றார். பொய் சொல்லவேண்டும் என்று சொன்னதல்ல. 'இருக்கா' என்று சொன்னால் என்ன பண்றா, எங்க இருக்கா, கல்யாணம் ஆயிடுச்சா என்று கயிறு நீண்டுகொண்டே போகும். 'இருந்தா' என்றால் அங்கேயே அறுந்துவிடும். அப்படித்தான் அறுந்தது. ரேடியோவின் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. கிளாசைக் கீழே வைத்துவிட்டு அவன் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டான்.

மறுநாள் அதே இடத்தில் அவனாகவே சொன்னான். நாலு வயசுப் பையன். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது. காலையில் பொம்மையைத் தேடி அழுதவன் சாயங்காலம் இல்லை. "வீட்ல இதப் பேச முடியாதுண்ணே. அவ உடைஞ்சு போயிடுவா. வெளிய பேசுனா எல்லாரும் மூஞ்சிய ஒரு மாதிரி வெச்சுக்கறாங்க. உங்களுக்குத்தான் தெரியும்." அப்படிச் சொல்லி, காலி பேருந்தின் இருக்கைக் கம்பியில் நெற்றியை வைத்து அவன் அழுதான். அவன் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்ற ஓட்டுநரும் அழுதார். அழுகை எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அது நடிப்பில்லை. அதன் பிறகு உண்மையைச் சொல்ல எத்தனையோ சந்தர்ப்பம் வந்தது. 'இருந்தா' என்பதை 'இருக்கா' என்று திருத்த எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் ஒரு நாள் தள்ளிப்போட்டால் மறுநாள் அது இன்னும் கனமாகியிருந்தது. ரேடியோ அவரை விழுந்து விழுந்து கவனித்தான். டிப்போவில் புதிதாக வருகிறவர்கள் அவரிடம் குடும்பக் கதை கேட்க ஆரம்பித்தால், கண்ணைக் காட்டிப் பேச்சை மாற்றிவிடுவான். வண்டியில் யாராவது அப்பாவும் பெண்ணுமாக ஏறினால், முன்னிருக்கை காலியாக இருந்தாலும் அவர்களைப் பின்னால் அனுப்பினான். அந்த நட்பு முழுவதும் ஒரு சொல்லின் மேல் நின்றது. அந்தச் சொல் பொய்.

அன்று வழி நெடுக மகள் செத்துக்கிடந்தாள். மார்க்கெட் நிறுத்தத்தில் ஒன்று, பாலத்துக்குக் கீழே வரிசையாக நான்கு, பெண்கள் கல்லூரிச் சுவரில் ஒன்று. பாலத்துக்குக் கீழே போஸ்டர் ஒட்டியவன் அவசரத்தில் தாள்களைச் சரியாகப் பொருத்தவில்லை; அங்கே அவளுடைய ஒரு கண் மற்றதைவிடக் கீழே இறங்கியிருந்தது. பொதுமருத்துவமனை நிறுத்தத்தில் ஓட்டுநர் நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நின்றார். மாத்திரைப் பையோடு ஓடிவந்து ஏறிய கிழவர், "கனவா கண்டுக்கிட்டு ஓட்டுறே?" என்றார். ரேடியோ அவருக்காகச் சண்டைக்குப் போனான். "விடுப்பா" என்று கண்ணாடி வழியாக அவனைப் பார்த்துச் சொன்னார்.

வீட்டில் மனைவி சோறு போட்டுக்கொண்டே பேசாமல் இருந்தாள். அவளும் பார்த்திருக்கிறாள் என்று அதிலேயே தெரிந்தது. அவர்கள் வீட்டில் மகளைப் பற்றிப் பேசுவதில்லை. மகள் மருந்துக் கடையில் நல்ல வேலையில் இருந்தாள். சாயங்காலங்களில் ஏதோ நாடகக் குழு என்று போனாள். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு நடிக்கப் போகிறேன் என்றாள். அதிகாலை ஷிப்டுக்கு அவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்த நேரம். அவர் கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள், இரண்டு நாளில் சரியாகியிருக்கும். அவர் ஷூ கயிற்றை முடிந்துகொண்டே, சாதாரணக் குரலில், "போறதுன்னா போ. எனக்கு நீ செத்துட்ட" என்றார். அவர் அடுத்த ஷூவையும் மாட்டி முடிக்கும்வரை அவள் அங்கேயே நின்றிருந்தாள். நிமிர்ந்து பார்ப்பார் என்று காத்திருந்திருப்பாள் போலிருக்கிறது. அவர் நிமிரவில்லை. மனைவி மட்டும் மாதத்துக்கு ஒரு முறை "அக்கா வீட்டுக்குப் போயிட்டு வரேன்" என்று கிளம்புவாள். அக்கா குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது என்பது அவருக்கும் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

தட்டில் கையை வைத்தபடி அவர் கேட்டார். "பாத்தியா?"

"காய் வாங்கப் போனப்ப பாத்தேன்."

"என்ன எழவு படம் அது?"

மனைவி குழம்புக் கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள். "அன்னைக்கு நீங்க வாயால சொன்னீங்க. இவங்க அதப் போஸ்டரா அடிச்சு ஊரெல்லாம் ஒட்டியிருக்காங்க. அவ்வளவுதான்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அடுப்பை அணைப்பதுபோலச் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

படம் வெளியான மறுநாளிலிருந்து பேருந்துக்குள் அதே பேச்சு. கல்லூரி மாணவர்கள் முன்படிக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டு, ஓட்டுநரின் காதுக்கு அருகிலேயே பேசினார்கள். படம் மொக்கை, டைரக்டரை அந்த முகமூடிக்காரனிடமே பிடித்துக் கொடுக்கவேண்டும் என்றான் ஒருவன். "ஆனா கேமராமேன் பின்னிட்டான்டா. ஒவ்வொரு ஷாட்டையும் அப்படியே மாட்டி வைக்கலாம்" என்றான் மற்றவன். "அந்தக் கண்ணாடி சீன். யப்பா." "நான் மூச்சே விடலடா" என்றாள் ஒரு பெண்.

வார விடுமுறை நாளில் ரேடியோவே கூப்பிட்டான். வீட்டில் மனைவி இந்த மாதிரிப் படங்களுக்கு வரமாட்டாள், தனியாகப் போனால் பேச ஆள் இருக்காது. "சும்மா வாங்கண்ணே. ரெண்டு மணி நேரம் வேற எதையும் நெனைக்க மாட்டோம்ல." ஓட்டுநர் மறுக்க வாயெடுத்து, சரி என்றார். தனியாகப் போக அவருக்குத் தைரியம் இருக்கவில்லை என்பதுதான் நிஜம்.

மதியக் காட்சி. அரங்கில் பாதிக்கு மேல் காலி. ஏசி ஓடிக்கொண்டிருந்தும் பழைய எண்ணெயும் ஈரக் கம்பளமும் கலந்த வாடை. ரேடியோ சொன்னது ஒன்றுகூடத் தவறவில்லை. ஆறு நண்பர்கள், ஒரு வேன், மலை மேல் பூட்டிக் கிடக்கும் பங்களா. வேன் பழுதாயிற்று, போனில் சிக்னல் போயிற்று, கரண்ட் போயிற்று. "இப்ப இவன் தனியா கீழ போவான் பாருங்க" என்றான் ரேடியோ. அவன் தனியாகக் கீழே போனான். "கூப்பிட்டா திரும்ப மாட்டான்." திரும்பவில்லை. கோடரி விழுந்தது. பின்வரிசையில் சிரித்தார்கள். பேசுகிறவர்கள் எல்லோரும் கடையில் சாமான் கேட்பதுபோல வசனம் பேசினார்கள். முகமூடிக்காரன் எதற்காகக் கொல்கிறான் என்பதைச் சொல்ல ஒரு முன்கதை வந்தது. அது கொலையைவிட மோசமாக இருந்தது.

ஆனால் கேமராவுக்குப் பின்னால் யாரோ ஒருவன் இந்தக் குப்பைப் படத்துக்குள் உட்கார்ந்து வேறு ஏதோ செய்துகொண்டிருந்தான். ஓட்டுநருக்கு அதைச் சொல்லத் தெரியாது, கண்ணுக்குத் தெரிந்தது. வேன் மலையேறும் காட்சியில் மூடுபனிக்குள் விளக்கு வெளிச்சம் போய் வெள்ளைச் சுவராக எழும்பி நின்றது. அந்தச் சுவரை அவர் மலைப்பாதையில் ஓட்டிய காலத்தில் பார்த்திருக்கிறார், சினிமாவில் யாரும் அதை அப்படியே காட்டிப் பார்த்ததில்லை. பங்களாவின் நீள நடைக்கூடத்தில் ஒவ்வொரு கதவாகத் திறக்க, தரையில் வெளிச்சம் பலகை பலகையாக விழுந்துகொண்டே வந்தது. கடைசிப் பலகை மட்டும் விழவில்லை, அங்கே யாரோ நின்றிருந்தார்கள். இரண்டாவது ஆள் சாகும்போது அவன் முகத்தைக் காட்டாமல், அவன் கையிலிருந்து சிதறிய ஆரஞ்சுப் பழங்கள் படிக்கட்டில் இறங்குவதைக் காட்டினார்கள். இருட்டு வீடு முழுவதிலும் அவற்றுக்கு மட்டும்தான் நிறம் இருந்தது. ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி இறங்கி, கடைசிப் பழம் கீழ்ப்படியில் வந்து நிற்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தார்கள். பின்வரிசைச் சிரிப்பு நின்றுவிட்டது. "செமயா எடுத்திருக்கான்ணே" என்று ரேடியோ முணுமுணுத்தான்.

மகள் முதலிலிருந்தே இருந்தாள். அவளுக்கு அதிகம் பேச்சு இல்லை. கூட்டத்தில் ஓரமாக நின்று மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுச் சிரிக்கிற பெண். மெலிந்திருந்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்தே சிரிக்கும்போது மேல் உதட்டை இழுத்துப் பல்லை மறைப்பாள். படத்தில் மறைக்கவில்லை, தாராளமாகச் சிரித்தாள். இதை யார் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று அவர் யோசித்தார். மூன்றாவதாக அவள் தனியே வெளியே வந்தாள். தோட்டத்தில் கண்ணாடியால் கட்டிய செடி வீடு. உள்ளே எல்லாம் காய்ந்துபோன தொட்டிகள். மழை தொடங்கியது. அவள் ஓடி உள்ளே நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள். "அவ்வளவுதான். உள்ளதான் இருப்பான்" என்றான் ரேடியோ.

கேமரா உள்ளே போகவில்லை. மழையில் வெளியே நின்றது. பாசி படிந்த கண்ணாடிச் சதுரங்களுக்குப் பின்னால் அவள் ஒரு சதுரத்திலிருந்து அடுத்த சதுரத்துக்குப் போவது மங்கலாகத் தெரிந்தது. பிறகு அவளுக்குப் பின்னால் அவளைவிட உயரமான ஒரு கறுப்பு. சத்தம் எதுவும் இல்லை, கூரையில் மழை விழுகிற சத்தம் மட்டும். ஓட்டுநர் இருக்கைக் கையைப் பிடித்துக்கொண்டார். வலது கால் தானாகத் தரையை அழுத்தியது, அங்கே பிரேக் இருப்பதுபோல. கறுப்பு விலகியது. அவள் கண்ணாடியில் சாய்ந்து மெல்லச் சரிந்து இறங்கினாள். முகம் கண்ணாடியோடு ஒட்டி நின்றது. திறந்த கண்கள். நீர் வழிய வழிய முகம் கலைவதும் கூடுவதுமாக இருந்தது. போஸ்டரில் இருந்த காட்சி. வேறு படமாக இருந்தால் அடுத்த கொலைக்கு ஓடியிருப்பார்கள். இங்கே அந்த முகத்தைவிட்டு நகரவே இல்லை. அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை. எழுந்து போய்விடலாம் என்று நினைத்தார்.

அப்போதுதான் அதைப் பார்த்தார். அவள் மூக்குக்குக் கீழே, போஸ்டரில் படத்தின் பெயர் இருந்த இடத்தில், கண்ணாடி லேசாக வெளுத்தது. ஒரு நாணயம் அளவுக்கு. வெளுத்து, சுருங்கி, மறைந்தது. மறுபடியும் வெளுத்தது.

"மூச்சு விடறா" என்றார்.

"என்னண்ணே?"

"கண்ணாடி மேல பாரு. மூடுது பாரு. மூச்சு விடறா."

ரேடியோ குனிந்து பார்த்தான். "அட, ஆமா. கவனிக்காம விட்டுட்டானுங்க" என்று சிரித்தான். "செத்தவ மூச்சு விடறா."

"சாகல" என்றார் ஓட்டுநர். சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும், முன்வரிசையில் ஒருவன் திரும்பிப் பார்த்தான். "எம் பொண்ணுப்பா அது. இருக்கா."

ரேடியோ முதலில் அவர் தோளைத் தொட்டான். துக்கத்தில் தடுமாறுகிறவரைத் தொடுவதுபோல மெதுவாகத் தொட்டான். "அண்ணே, வாங்க, வெளிய போலாம்" என்றான். "இல்லப்பா. நெஜமா என் பொண்ணு. நடிக்கப் போயிட்டா. நான்தான்..." அதற்குமேல் சொல்லவேண்டி இருக்கவில்லை. திரையின் வெளிச்சத்தில் ரேடியோவின் முகத்தில் ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டு வருவது தெரிந்தது. தோளிலிருந்த கை எடுக்கப்பட்டது. படத்தில் நான்காவது ஆள் சாக ஆரம்பித்திருந்தான். ரேடியோ திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நான் எம் பையனப் பத்தி உங்ககிட்ட மட்டும்தாண்ணே பேசினேன்" என்றான். எழுந்து, கால்களைத் தாண்டித் தாண்டி, வெளியே போனான். கதவு திறந்தபோது ஒரு கீற்று வெளிச்சம் வந்து போயிற்று.

ஓட்டுநர் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். ஒருத்தி திரும்பி வந்தாள். பெயர்கள் ஓடியபோது பதினைந்து இருபது வரிகளுக்குப் பிறகு மகளின் பெயர் வந்தது. அதில் அவர் பெயரின் முதல் எழுத்தை அவள் இன்னும் எடுத்துவிடவில்லை. தரையைப் பெருக்கிக்கொண்டு வந்த துப்புரவுப் பெண், "முடிஞ்சிருச்சு சார்" என்றதும்தான் எழுந்தார்.

அதன் பிறகு வந்த நாட்களில் ரேடியோ வேலைக்கு வந்தான். சீட்டு கிழித்தான், மணி அடித்தான். ஒரு மணி அடித்தால் நிற்கவேண்டும், இரண்டு அடித்தால் புறப்படவேண்டும். அவர்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு. "ரேடியோ ரிப்பேரா?" என்று டிப்போவில் கேலி செய்தார்கள். அவன் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட ஓட்டுநருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கடைசி நிறுத்தத்தில் அவன் டீக்கடைப் பக்கம் வராமல் பின்னிருக்கையில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தான். வேறு வண்டிக்கு மாற்றல் கேட்டிருப்பான் என்று இவர் நினைத்தார். கேட்டால் அதில் தப்பில்லை என்றும் நினைத்தார். ஒரு சின்னப் பெண் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஏறியபோது, ரேடியோ அவர்களை முன்னிருக்கையில், ஓட்டுநருக்கு நேர் பின்னால் உட்காரச் சொன்னான். அந்தப் பெண் வழி முழுக்கக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். அது எது, அது ஏன், அந்த மாமா ஏன் திரும்பவே மாட்டேங்கிறார்.

ஒரு மதியம் கடைசி நிறுத்தத்தில் வண்டி காலியானதும் ரேடியோ முன்னால் வந்து நின்றான். கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி கேட்டான்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அன்னைக்கு நான் அழுதப்ப நீங்களும் அழுதீங்க. அது எதுக்கு?"

ஓட்டுநர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறைய சொல்லலாம் போலிருந்தது. "தெரியலப்பா. அது மட்டும் பொய்யில்ல" என்றார்.

ரேடியோ தலையாட்டினான். நம்பினானா என்று தெரியவில்லை. "நான் தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் போற வழியில கொஞ்ச நேரம் எங்கயாவது நின்னுட்டுப் போவேண்ணே. எங்க போய் நிக்கிறதுன்னு தெரியாம எங்கயாவது நிப்பேன். உங்களுக்குப் போய் நிக்க ஒரு வாசல் இருக்கு." சொல்லிவிட்டுப் பின்னால் போய் இரண்டு மணி அடித்தான். புறப்பட இன்னும் நேரமிருந்தது. அவர் வண்டியை எடுத்தார்.

அன்று மனைவியிடம், "உங்க அக்கா வீடு எங்க இருக்கு?" என்று கேட்டார். துணி மடித்துக்கொண்டிருந்தவள் கை நின்றது. அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, எந்த பஸ், எந்த நிறுத்தம், டயர் கடைக்கு எதிரே எந்தக் கட்டடம் என்று சொன்னாள். "நாலாவது மாடி. லிஃப்ட் ஓடாது. மூட்டு வலின்னு பாதியில திரும்பி வந்துடாதீங்க" என்றாள். மடித்த துணியையே பிரித்து மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

அவர் விடுமுறை நாளில் பயணியாகப் பேருந்தில் உட்கார்ந்து போனார். வேறு ஓட்டுநரின் கியர் மாற்றும் சத்தம் காதில் உறுத்தியது. இறங்கிய இடம் அழகில்லாத தெரு. டயர் கடை வாசலில் பழைய டயர்கள் மழைநீரைச் சுமந்துகொண்டு கிடந்தன. எதிர்க் கட்டடத்தில் ஒவ்வொரு மாடியிலும் வீட்டு வாசல்களை ஒட்டி ஒரு பொது நடை, அதில் குழாய்களும் வயர்களும் காயப்போட்ட துணிகளும். நடுப்பகல். நிழலே இல்லாத, சப்பென்ற வெள்ளை வெயில். சுவரில் இருந்த ஒவ்வொரு கறையையும் அது காட்டிக் கொடுத்தது. எந்தக் கேமராக்காரனும் இந்த வெளிச்சத்தில் எதையும் எடுக்கமாட்டான். ஓட்டுநர் எதிர்ச்சாரியிலேயே நின்றார். தெருவைக் கடக்கவேண்டும், நாலு மாடி ஏறவேண்டும். அதற்கு முன்னால் என்ன சொல்வது என்று தீர்மானிக்கவேண்டும்.

நாலாவது மாடியில் ஒரு கதவு திறந்தது. மகள் வந்தாள். வெளுத்துப்போன நைட்டி, தலையில் எண்ணெய் வைத்துத் தூக்கிச் சொருகிய கொண்டை, கையில் பிளாஸ்டிக் வாளி. நடைக் குழாயின் கீழே வாளியை வைத்துத் திருகினாள். தண்ணீர் வரவில்லை. குழாயை இரண்டு தட்டு தட்டிவிட்டு, கைப்பிடிச் சுவருக்கு வெளியே தலையை நீட்டி மேல் மாடியைப் பார்த்து, "மேல யாரு? கொஞ்சம் மூடுங்க. நாங்களும் குளிக்கணும்ல" என்று கத்தினாள். மேலேயிருந்து ஏதோ பதில் வந்தது. "அது உங்க பிரச்சனை" என்றாள் அவள். அந்தக் குரலை அவர் நன்றாகக் கேட்டார். கொஞ்சம் கரகரத்த, சண்டைக்கு அஞ்சாத, அவள் அம்மாவின் குரல். குழாய் செருமிக்கொண்டு தண்ணீரை விட ஆரம்பித்தது. அவள் சுவரில் சாய்ந்து, முழங்கையைச் சொறிந்துகொண்டு, வாளி நிறையக் காத்திருந்தாள்.

பிறகு தெருவைப் பார்த்தாள். படம் வந்த பிறகு அவளை நின்று பார்க்கிறவர்கள் இருந்திருப்பார்கள். முகத்தில் ஒரு எரிச்சல் வந்தது. அவர் நகரவில்லை. தன் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. வலது கை பாதி தூரம் உயர்ந்து அங்கேயே நின்றது. எரிச்சல் மெல்லப் போய், மகள் சுவரின் மேல் இன்னும் குனிந்தாள். வெயிலுக்காக நெற்றியில் உள்ளங்கையை வைத்து, கண்ணைச் சுருக்கி, கீழே நிற்பது யார் என்று பார்த்தாள். அவளுக்குப் பின்னால் வாளி நிறைந்துவிட்டது. அவள் திரும்பவில்லை. தண்ணீர் நடையின் விளிம்புக்கு வந்து, அங்கே ஒரு கணம் தயங்கி, மூன்றாவது மாடியில் காய்ந்த துணிகளின் மேல் சொட்டி, அங்கிருந்து இரண்டாவதற்கு இறங்கி, வெயிலில் மின்னிக்கொண்டு தெருவில் விழ ஆரம்பித்தது.